டென்னிஸ் ஆடாதவள்

ராக்கெட்டைத் தொட்டதே இல்லை என்றேன்.
"பெயர் அப்படித்தான்" என்றாள் பிசியோ கெர்ரின்,
முழங்கையின் வெளிப்புறம்
எலும்பு சற்றே புடைக்கும் இடத்தில்
கட்டைவிரலால் அழுத்தி.
அங்கேதான்.
கூரையில் இருந்த குழல்விளக்கு இரண்டாகத் தெரிந்தது.

ஜனவரி. மெல்பேர்ன் முழுக்க டென்னிஸ்.
ஃபிராங்ஸ்டன் ரயிலில் எல்லார் கைபேசியிலும்
பந்து போகிறது, வருகிறது.
வருத்தம் மட்டும் எனக்கு வந்திருக்கிறது,
பக்கத்து வீட்டுப் பார்சல் போல.
கையெழுத்துப் போட்டு வாங்கியும் விட்டேன்.

வேலை என்ன?
முதியோர் இல்லத்தில் சலவை.
வேறு ஏதாவது?
சொல்லவா விடவா என்று யோசித்துச் சொன்னேன்:
சனி ஞாயிறு மோர்டியாலக் கடற்பாலம்,
விடியமுன் நாலு மணியிலிருந்து.
ஒரு காலைக்கு நூறு வீச்சு, நூற்றைம்பது.
கணவாய்க்கு என்றால் ஒவ்வொரு வீச்சுக்கும் பிறகு
மணிக்கட்டை வெட்டி வெட்டி இழுக்க வேண்டும்,
பொய் இறால் உயிர் இறாலாய்த் துள்ள.
அவள் எழுதுவதை நிறுத்தினாள்.
ஆறு வாரம் தூண்டில் கூடாது என்றாள்.
சலவையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கேத்தில் கனத்தது.
கதவுக் குமிழ் எதிரியானது.
பாலை இடது கையால் ஊற்றி
மேசையைக் குளிப்பாட்டினேன்.
ஊறுகாய்ப் போத்தலை வாகீசனிடம் நீட்டினேன்,
இருபத்தேழு வருடத்தில் முதல் தடவை.
பேசாமல் திறந்து தந்தார்.
அந்தப் பேசாமைக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்
வால் ஆட்டியதைக் கண்டேன்.
போகட்டும் என்று விட்டேன்.

ஐஸ் வை, பத்து நிமிடம், மூன்று வேளை.
உறைபெட்டியில் இருந்தது
இரைக்கு வாங்கிய சாளைப் பொதி ஒன்றுதான்.
துவாயில் சுற்றி முழங்கையில் கட்டிக்கொண்டு
டிவியில் அரையிறுதி பார்த்தேன்.
மூன்றாம் செட்டில் சாளை உருகி
வாசம் சோபாவில் ஏறியது.
கண்ணாடிக் கதவுக்கு வெளியே அடுத்த வீட்டுப் பூனை
வந்து உட்கார்ந்தது.
ஆட்டத்தைப் பார்க்கவில்லை அது.

பிறகு பயிற்சி:
அரைக்கிலோ பயற்றம்பருப்புப் பொதியைப் பிடி,
மணிக்கட்டை மெல்ல, மெல்ல இறக்கு.
ஏற்றுவதற்கு மற்றக் கை உதவட்டும்.
இறக்குவதில்தான் குணம் என்றாள்.
வீசி எறியத் தெரிந்த கை
கீழே வைக்கத் தெரியாமல் நடுங்கியது.

நாலாம் வாரம் பொறுக்கவில்லை.
சும்மா பார்க்கத்தான் போனேன்,
தூண்டிலும் சும்மா கூட வந்தது.
இடது கையால் வீசினேன்.
ஈயம் கடலுக்குப் போகவில்லை.
திரு. துவானின் வாளிக்குள் விழுந்தது.
அவர் குனிந்து, சிக்கை அவிழ்த்து,
"இன்றைக்கு என் வாளியில் முதல் மீன் நீதான்" என்றார்.
பிறகு சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார்:
முழங்கைக்கு இரண்டு விரல் கீழே
கறுப்புப் பட்டை.
பாலத்து நுனியிலிருந்து ஸ்தவ்ரோஸும்
தன் கையைத் தூக்கினார்.
அவருக்கு நீலம்.
ஒருவரும் டென்னிஸ் ஆடியதில்லை.

வெளிச்சம் வந்தபின் ஒன்று கடித்தது.
தடியின் அடியை அக்குளில் இறுக்கி,
கூனி, முழங்காலைக் கம்பியில் முட்டுக்கொடுத்து,
இடது கையால் சுற்றினேன்.
பார்க்க நான்தான் கொளுவுப்பட்டவள் போல இருந்திருக்கும்.
வந்தது ஒரு ஃபிளாட்ஹெட்.
அளவுகோலில் இருபத்தாறு.
சட்டத்தில் இருபத்தேழு.
துவான் வானத்தைப் பார்த்தார், தனக்குத் தெரியாது என்பதுபோல.

விட்டேன்.

திரும்பும் ரயிலில்
வலது கை மடியில் கிடந்தது, சுத்தமாக.
இடது கை மீன் நாறியது.
கெர்ரினிடம் செவ்வாய்க்கிழமை போக வேண்டும்.
கேட்டால்,
ஐஸ் வைத்தேன் என்பேன்.